மணிமேகலை எந்த யானத்தின் நூல்?

ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை, தமிழில் முழுமையாகக் கிடைத்துள்ள ஒரே பௌத்தக் காப்பியம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் அதனை அச்சேற்ற முற்பட்டபோது, தமிழகத்தில் பௌத்தம் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. நூலிற் பயின்ற சமயச் சொற்களுக்குப் பொருள் கூறுவார் அரியராயினர். மளூர் ரங்காசாரியார் என்னும் பேராசிரியர் பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் பயின்று வந்து விளக்கியதனாலேயே பல இடங்கள் ஐயருக்குத் தெளிவாயின. தம் பதிப்போடு புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்னும் மூன்று பகுதிகளையும் ஐயர் உரைநடையில் எழுதிச் சேர்த்தார். புத்தம், தருமம், சங்கம் என்னும் மும்மணியையும் அறிந்தாலன்றி இக்காப்பியம் விளங்காது என்பதே அவர் கருத்து.

நூல் வெளிவந்தபின் வேறொரு வினா எழுந்தது. மணிமேகலை கூறும் பௌத்தம் எந்தப் பிரிவைச் சார்ந்தது? இலங்கையிலும் பர்மாவிலும் சயாமிலும் நிலைபெற்ற தேரவாதமா? சீனத்திலும் ஜப்பானிலும் திபெத்திலும் பரவிய மகாயானமா? ஒரு நூற்றாண்டாக அறிஞர் பலர் இவ்வினாவில் கருத்து வேறுபட்டுள்ளனர். வகுப்பறையிலோ இதற்கு ஒரே சொல்லில் விடை வேண்டப்படுகிறது. மாணவர் 'ஈனயானம்' என்றோ 'மகாயானம்' என்றோ எழுதிவிட்டு அமைகின்றனர். வினாவே நூலுக்குப் பொருந்துவதுதானா என்பதை ஆராய்வது ஆசிரியர்க்கும் கற்போர்க்கும் பயன்தரும்.

இரு கட்சிகள்

அறிஞரிடை எழுந்த பூசலுக்குக் களமாக அமைந்தது 'தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை' என்னும் 29ஆம் காதை. அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கும் பகுதி அது. காண்டல், கருதல் என்னும் இரண்டே அளவைகளாகக் கொள்ளப்படுகின்றன. பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகளும், அவற்றிற்குரிய போலிகளும் வரிசையாக விளக்கப்படுகின்றன. பக்கப்போலி மட்டும் ஒன்பது வகை.

பேராசிரியர் எஸ். குப்புசாமி சாஸ்திரியார் இப்பகுதியை நியாயப் பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு ஒப்பிட்டு, இரண்டும் பெரிதும் ஒத்துச் செல்வதை எடுத்துக் காட்டினார். நியாயப் பிரவேசம் தின்னாகர் வழிவந்த அளவை நூல். தின்னாகரோ மகாயான உலகம் போற்றும் பேராசான். ஆதலின் காப்பியம் தின்னாகருக்குப் பிற்பட்டது என்பது சாஸ்திரியார் முடிவு. டாக்டர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலில் இதனை மறுத்து, காப்பியம் தின்னாகருக்கு முற்பட்டதென நிறுவ முயன்றார். காலத்தைப் பற்றி எழுந்த இவ்வழக்கே பின்னர்ப் பிரிவைப் பற்றிய வழக்காகவும் வளர்ந்தது. முற்பட்டது எனின் பழைய பௌத்தம், பிற்பட்டது எனின் மகாயானம் என்று பலரும் எளிதில் வகுத்துவிட்டனர்.

மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்', சோ. ந. கந்தசாமி 1978இல் மணிமேகலையின் தத்துவத்தை விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட நூல், அமெரிக்கப் பேராசிரியர் ஆன் மோனியஸ் 2001இல் மணிமேகலையையும் வீரசோழியத்தையும் ஒருங்கு வைத்து எழுதிய நூல் ஆகியவை இத்துறையில் அறிவை வளர்த்தன. எனினும் பள்ளி உரைநூல்களின் நிலை பெரிதும் மாறிற்றில்லை. பெயர்ச்சீட்டு ஒட்டும் வழக்கம் அவற்றில் இன்னும் நிற்கிறது.

பெயர்களின் வரலாறு

'ஈனயானம்' என்பது ஒரு பிரிவினர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அன்று. எதிர்க்கட்சியார் சூட்டிய பெயர். ஈனம் என்பதற்குத் தாழ்வு என்பது பொருள். எவரும் தம் நெறியைத் தாழ்ந்த ஊர்தி என்று சொல்லிக்கொள்ளார். 1950ஆம் ஆண்டில் கொழும்பு நகரில் 27 நாடுகளின் பேராளர் கூடி உலகப் பௌத்தர் கூட்டுறவுக் கழகத்தை நிறுவியபோது, இலங்கை, பர்மா, தாய்லாந்து முதலிய நாடுகளில் வாழும் பௌத்தத்தை இனி அப்பெயரால் குறித்தல் ஆகாது என்று முடிவு செய்தனர். அம்முடிவு எழுந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தமிழ்ப் பாட உரைகளிற் சிலவற்றில் அச்சொல் கூசாமல் ஆளப்படுகிறது. தேரவாதம் என்பதே தக்க பெயர்.

மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் இப்பெயர்களுள் ஒன்றையேனும் ஆளவில்லை. முப்பது காதைகளிலும் தேடினாலும் மகாயானம் என்ற சொல்லோ ஈனயானம் என்ற சொல்லோ இல்லை. பிற சமயத்தார் பதின்மரை ஒரு காதை முழுதும் பேசவிட்டவர், தம் சமயத்தின் உட்பிரிவுகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது விட்டார். அறியாமல் விட்டார் என்று கூற இடமில்லை. அளவை நூலின் நுண்மைகளை இத்துணை அறிந்த ஒருவர், தம் காலத்துப் பிக்குகளிடையே நிலவிய வேறுபாட்டை அறியாதிருந்திரார். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை எனக் கொள்வதே பொருத்தம்.

அக்காலத்து உண்மை நிலையும் இதற்கு அரணாகிறது. 7ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து கடல்வழி வந்த இத்சிங் என்னும் பிக்கு, ஸ்ரீவிஜயத்தில் தங்கி, கடாரத்தின் வழியே இந்தியாவுக்குச் சென்றவர். இரு பிரிவினர்க்கும் விநயம் என்னும் ஒழுக்க விதி ஒன்றே என்றும், நால்வகை வாய்மைகள் இருவர்க்கும் பொது என்றும் அவர் எழுதிவைத்தார். போதிசத்துவரை வழிபட்டு மகாயான சூத்திரங்களை ஓதுவோர் மகாயானத்தார். அவ்வாறு செய்யாதார் மற்றைப் பிரிவினர். அவர் கண்ட வேறுபாடு இவ்வளவே. ஒரே விகாரையில் ஒரே விதியின்கீழ் இருவகையினரும் வாழ்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

நூல் தரும் சான்று

இனி நூலினுள்ளே புகுந்து நோக்குவோம். 'கந்திற்பாவை வருவது உரைத்த காதை' என்பது 21ஆவது. உதயகுமரன் வெட்டுண்டு மாண்டபின் துயருற்று நிற்கும் மணிமேகலைக்குத் தூணில் உறையும் தெய்வம் எதிர்காலம் கூறுகிறது. அவள் காஞ்சியில் வாழ்வை முடிப்பாள். பின்னர் வடமகதத்தில் ஆண்பிறப்பாகவே பலமுறை தோன்றுவாள். அப்பிறப்புகள் அனைத்திலும் அருளறம் ஒழியாள். முடிவில் புத்தனுக்குத் தலைச் சாவகனாகிப் பற்றறுத்து வீடு பெறுவாள் என்பது அக்கூற்றின் சாரம்.

சாவகன் என்ற சொல் ஈண்டுக் கருதற்பாலது. அறவுரை கேட்டு ஒழுகும் மாணாக்கன் என்பது அதன் பொருள். சாவக நாட்டைக் குறிக்கும் சொல் இதனின் வேறு. தானே புத்தன் ஆதல் மகாயானத்தார் உயர்த்திக் கூறும் குறிக்கோள். புத்தனின் மாணாக்கனாகி அருக நிலை எய்துதல் தேரவாதத்தார் பெரிதும் கூறும் குறிக்கோள். காப்பியத் தலைவிக்குச் சாத்தனார் வகுத்த முடிவு பின்னதே. அம்முடிவுக்குச் செல்லும் வழியோ பிறவிதோறும் உயிர்களுக்கு ஈந்துகொண்டே செல்வது. மகாயானத்தார் போதிசத்துவரிடம் போற்றுவதும் அதுவே. குறிக்கோள் ஒரு மரபின் நிறம் கொள்ள, வழி மற்றொரு மரபின் நிறம் கொண்டிருக்கிறது. பாலி மரபின் ஜாதகக் கதைகளும் போதிசத்துவரின் ஈகையைப் பாடுவனவே ஆதலின், இவ்விரு நிறங்களையும் ஒன்றினின்று ஒன்றாகப் பிரித்தெடுக்கவும் இயலாது.

மணிமேகலா தெய்வமும் அத்தகையதே. கடலில் இடருறும் நல்லோரைக் காக்கும் அத்தெய்வம் பாலி மொழியிலுள்ள மகாஜனக ஜாதகத்தில் வருகிறது. சயாம் நாட்டுக் கதைகளிலும் வழங்குகிறது. பெயரையே அத்தெய்வத்திடமிருந்து பெற்ற தலைவி, தின்னாகர் மரபின் அளவை நூலைக் கற்கிறாள். கற்பித்தவர் ஒருவர், கற்றவள் ஒருத்தி, கேட்ட இடமும் காஞ்சி ஒன்றே.

இறுதிக் காதையில் மும்மணியையும் வணங்கி நின்ற மணிமேகலைக்கு அடிகள் பன்னிரு சார்புகளை உரைக்கிறார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என அவை தொடர்கின்றன. இச்சக்கரம் செய்வோன் ஒருவனால் செய்யப்பட்டதன்று எனவும், கழிந்த காலத்துப் புத்தர் எண்ணிலரும் இதனையே அருளினர் எனவும் அடிகள் கூறுகிறார். எண்ணிறந்த புத்தர் என்றமையால் இது மகாயானம் எனச் சிலர் வாதிப்பர். கௌதமருக்கு முன்னும் புத்தர் பலர் தோன்றினர் என்பதைப் பாலி நூலாகிய புத்தவம்சமும் கூறுதலின், அவ்வாதம் வலியற்றது. முடிவில் அநித்தம், துக்கம், அநான்மா, அசுசி என்று உலகை நோக்கிப் பற்றை அறுக்கவும், மைத்திரி, கருணை, முதிதை ஆகியவற்றால் செற்றத்தை அறுக்கவும் அடிகள் பணிக்கிறார். இவற்றுள் எதனையும் மறுக்கும் பௌத்தர் உலகில் எங்கும் இல்லை.

காவிரியும் கச்சியும் நாகையும்

காப்பியம் நிகழும் ஊர்களின் வரலாறும் இதனையே காட்டுகிறது. 5ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த புத்ததத்தர் உறையூரைச் சார்ந்தவர். தேரவாதப் பெரும் புலவர். பாலியில் நூல்கள் யாத்தவர். காவிரிப்பூம்பட்டினத்தில் கண்ஹதாசர் எழுப்பிய விகாரையில் தங்கி நூல் செய்தமையை அவரே குறித்துள்ளார். 1960களில் அவ்வூரில் நிகழ்ந்த அகழாய்வில் பௌத்த விகாரையின் அடித்தளமும் புத்தர் திருவடி பொறித்த கல்லும் வெளிப்பட்டன.

காஞ்சியை 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் விவரிக்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் அங்கு இருந்ததாகவும், அவர்கள் தேரர் மரபைச் சார்ந்தவர் எனவும் கூறுகிறார். நாலந்தாவில் மகாயான ஆசானாக விளங்கிய தருமபாலர் பிறந்த ஊரும் அதுவே என்று அவரே சொல்கிறார். ஒரே நகரம் தேரர் மரபினர் பதினாயிரவரையும் பேணிற்று. மகாயானப் பேராசான் ஒருவரையும் ஈன்றது.

நாகப்பட்டினத்தின் கதை இன்னும் வியப்புடையது. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சைலேந்திர மன்னன் சூளாமணிவர்மன் தொடங்கி, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் நிறைவு செய்த சூடாமணி விகாரை அங்கு எழுந்தது. சிவபக்தனாகிய முதலாம் இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை 1006ஆம் ஆண்டளவில் பள்ளிச்சந்தமாக வழங்கினான். அவ்வூர் மண்ணில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைத்த நூற்றுக்கணக்கான செப்புத் திருமேனிகளை டி. என். இராமச்சந்திரன் 1954இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றுள் புத்தர் திருவுருவோடு அவலோகிதரும் மைத்திரேயரும் தாராதேவியும் உள்ளனர். மகாயானத்தார் வழிபட்ட இவ்வூர்க்கு, தேரவாத உரையாசிரியராகிய தம்மபாலர் பெயரோடு இணைந்த பதரதீர்த்த விகாரையாலும் பழம்புகழ் உண்டு.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெகு நாட்டு மன்னன் தம்மசேதி, தன் நாட்டுப் பிக்குகளை இலங்கைக்கு அனுப்பித் தேரவாத முறைப்படி தீக்கை பெற்றுவரச் செய்தான். திரும்புகையில் கலம் உடைந்து கரை சேர்ந்த பிக்குகள் சிலர் நாகப்பட்டினத்திற்கு நடந்து வந்தனர். அங்கே பழைய பதரிகாராமம் இருந்த இடத்தைக் கண்டனர். சீன நாட்டு மன்னன் விருப்பப்படி அமைந்த குகையிலிருந்த புத்தர் படிமத்தை வணங்கினர். இச்செய்தியைத் தம்மசேதியின் கல்யாணிக் கல்வெட்டே கூறுகிறது. தூய தேரவாதத் தீக்கையை நாடிக் கடல் கடந்தவர்கள், சீனர் அமைத்த கோயிலின் வாயிலில் நின்று 'இது எவர் பிரிவு?' என்று வினவவில்லை. உள்ளே சென்று தொழுதனர்.

பகையும் இருந்தது

இவ்வளவும் கூறியதனால் பௌத்தப் பிரிவுகள் என்றும் பகையின்றி வாழ்ந்தன என்று கொள்ளலாகாது. அவ்வாறு எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் பிழையாகும். பகையின் மிகக் கொடிய நிகழ்ச்சி ஒன்றில் தமிழகத்துப் பிக்கு ஒருவரே முதல்வராக நின்றார் என்பதையும் மறைத்தலாகாது.

இலங்கையின் அனுராதபுரத்தில் மகாவிகாரை, அபயகிரி என்னும் இரு மடங்கள் நீண்ட நாள் போட்டியிட்டன. முன்னது தேரவாதத்தின் கோட்டை. பின்னது புதிய கொள்கைகளுக்கும் இடந்தந்தது. 3ஆம் நூற்றாண்டில் அபயகிரிப் பிக்குகள் அறுபதின்மர் மன்னன் கோதாபயனால் நாடு கடத்தப்பட்டு எதிர்க்கரைக்கு வந்தனர். அவர்களுள் ஒருவருடைய மாணாக்கராகிய சங்கமித்திரர் என்னும் சோழ நாட்டுப் பிக்கு இலங்கை சென்று, பின்னர் மன்னன் மகாசேனனின் ஆசானாக அமர்ந்தார். மகாவிகாரையினர்க்கு எவரும் சோறு இடலாகாது என்று மன்னனைக்கொண்டு ஆணையிடுவித்தார். பிக்குகள் வெளியேறினர், ஒன்பது ஆண்டுகள் மகாவிகாரை பாழ்பட்டுக் கிடந்தது, கட்டடங்கள் இடிக்கப்பட்டு அவற்றின் பொருள்கள் அபயகிரிக்குச் சென்றன. முடிவில் சங்கமித்திரரும் கொலையுண்டார்.

இந்நிகழ்ச்சியைக் கூறும் மகாவம்சம் மகாவிகாரையினர் எழுதிய நூல். ஆதலின் ஒரு பக்கத்தார் சொல் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ஆயினும் அந்நூலே தரும் ஒரு குறிப்பு இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. மன்னனின் நண்பனாகிய அமைச்சன் மேகவண்ணாபயன் மகாவிகாரை இடிந்தது பொறாது படை திரட்டி எதிர்த்தான். இரு படைகளும் எதிரெதிரே தங்கியிருந்தபோது அவனுக்கு நல்லுணவு வந்தது. நண்பனை விட்டுத் தான் மட்டும் உண்ண மனம் ஒப்பாதவனாய், இரவில் தனியே மன்னனிடம் எடுத்துச் சென்றான். இருவரும் சேர்ந்து உண்டனர். உண்டபின், 'ஏன் எனக்குப் பகைவன் ஆனாய்?' என்று மன்னன் வினவ, விகாரையை அழித்தமையே காரணம் என்றான் நண்பன். மன்னன் பொறுத்தருளுமாறு வேண்டி, விகாரையை மீண்டும் நிலைநிறுத்த இசைந்தான்.

சோற்றை மறுத்ததில் தொடங்கிய பகை, சோற்றைப் பகிர்ந்ததில் தணிந்தது. அமுதசுரபியைப் படித்த தமிழர்க்கு இது புதிய செய்தி அன்று. உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோர் என்னும் அறத்தை அச்சாகக் கொண்டு காப்பியம் செய்த சாத்தனார் கண்ட உண்மை இதுவே.

காதைகளின் அடைவு

காப்பியத்தின் கடைசி நான்கு காதைகள் அமைந்துள்ள முறையைத் திறனாய்வாளர் பலர் கருதாது விடுகின்றனர். 27ஆம் காதையில் பத்துச் சமயக் கணக்கரின் வாதம். 28ஆம் காதையில் காஞ்சியின் பஞ்சமும் மணிமேகலை சோறிடுதலும். 29இல் அளவை நூல். 30இல் மெய்ப்பொருள். வாதத்திற்கும் தருமத்திற்கும் இடையில் அட்சய பாத்திரத்தை வைத்திருக்கிறார் ஆசிரியர். பதினெட்டு மொழி பேசுவோரும் வருகின்றனர், குருடரும் செவிடரும் முடவரும் வருகின்றனர், விலங்குகளும் வருகின்றன. ஒருவரிடத்தும் சமயம் வினவப்படவில்லை. அனைவரும் உண்டு பசி தீர்ந்த பின்னரே அறவண அடிகளின் பாடம் தொடங்குகிறது.

இந்த அடைவு தற்செயல் அன்று. பசித்தோன் முன் பிரிவு பேசுதல் பழுது என்பதை ஆசிரியர் வெளிப்பட உரையாமல் காதைகளின் வரிசையாலேயே உணர்த்துகிறார். பள்ளிகளில் அமுதசுரபிக் கதையைக் கற்பித்து, 'தத்துவம் கடினம்' என்று இறுதிக் காதைகளை ஒதுக்கிவிடுவது வழக்கம். அவ்வாறு ஒதுக்கின் பாத்திரம் வெறும் அற்புதப் பொருளாகவே மாணவர் மனத்தில் தங்கும். பேதைமையிலிருந்து வினைப்பயன் வரை செல்லும் துன்பச் சங்கிலியின் ஒரு கண்ணியைக் கையால் அறுத்துக் காட்டும் செயலே சோறிடுதல் என்பது தெரியாமற் போகும்.

நூலின் குறையையும் கூறுதல் நடுநிலையாகும். உட்பிரிவுகளிடம் காட்டிய பெருந்தன்மையைச் சாத்தனார் பிற சமயத்தாரிடம் காட்டவில்லை. சமயக் கணக்கர் தம் கொள்கையைச் சொல்லிச் செல்ல, மணிமேகலை அவற்றைக் கொள்ளாது விடுகிறாள்; பூதவாதியை எள்ளி நகைக்கிறாள். அவர்கள் கொள்கைகள் சுருங்கிய அளவிலேயே சொல்லப்பட்டன. சைவரும் வைணவரும் சமணரும் இக்காதையைப் படிக்கையில் மனங்கசத்தல் கூடும். 29ஆம் காதையோ கவிச்சுவை குன்றிய பகுதி. பாட்டு என்பதினும் பாடநூல் என்பதே பொருந்தும். ஆகவே இக்காப்பியத்தை எல்லாச் சமயங்களின் ஒற்றுமைக்கும் சான்று என மேடையில் முழங்குவது மிகை. பௌத்தத்தின் உள்ளே நிலவக்கூடிய ஒருமைக்கு இது சான்று என்பதே சரியான அளவு.

பிற்கால முயற்சிகள்

இவ்வொருமையை எழுத்தில் வடிக்கப் பிற்காலத்தார் முயன்றபோதும் தமிழ் மண்ணுக்கு அதில் பங்கு இருந்தது. 1891ஆம் ஆண்டு சனவரியில் சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட் கூட்டிய கூட்டத்தில் ஜப்பான், பர்மா, இலங்கை, சிட்டகாங் ஆகிய இடங்களின் சார்பில் பௌத்தர் அமர்ந்தனர். வடபௌத்தமும் தென்பௌத்தமும் ஒப்பக்கூடிய 14 கருத்துகள் அங்கு வரையப்பட்டன. 1967ஆம் ஆண்டில் உலகப் பௌத்த சங்கப் பேரவை, வல்பொல ராகுல தேரர் வரைந்த ஒன்பது பொது உண்மைகளை ஏற்றுக்கொண்டது.

அவ்வொன்பதையும் மணிமேகலையின் இறுதிக் காதையோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். புத்தரே ஆசான்; மும்மணியே சரண்; உலகம் படைப்போன் ஒருவனால் படைக்கப்பட்டதன்று; அருளும் அறிவும் வாழ்வின் நெறி; நால்வகை வாய்மையும் சார்பிற் தோற்றமும் பொது; நிலையாமை, துன்பம், ஆன்மா இன்மை பொது. இவை அனைத்தும் அறவண அடிகளின் வாயில் முன்னரே வந்தவை. மாணாக்கர் நிலை, தனிப்புத்தர் நிலை, முழுப்புத்தர் நிலை என்னும் மூவகை வீடுபேற்றையும் ஒப்புக்கொள்ளும் கூற்றும், நாட்டுக்கு நாடு வேறுபடும் வழக்கங்களை அடிப்படைக் கொள்கையோடு குழப்பலாகாது என்னும் கூற்றும் ராகுலர் பட்டியலுக்கே உரிய தெளிவு. சாத்தனார் அவற்றைச் சொல்லால் வகுக்கவில்லை.

அறிக்கைக்கும் காப்பியத்திற்கும் உள்ள வேறுபாடும் இங்கே புலப்படும். அறிக்கை, ஒத்தவற்றைத் திரட்டி ஒவ்வாதவற்றை ஒதுக்குகிறது. காப்பியமோ ஒவ்வாதவற்றையும் ஒருத்தியின் வாழ்வில் வரிசைப்படுத்துகிறது. தின்னாகரின் அளவையும் தேரவாதச் சாவகக் குறிக்கோளும் ஒரே மாணவியின் கல்வியாகும்போது, இரண்டும் தம் தன்மை கெடாமலே ஒன்றுக்கொன்று துணையாகின்றன. எல்லாப் பிரிவையும் அரைத்துக் கூழாக்குவது ஒருமை ஆகாது. தத்தம் நெறியில் நின்றவாறே ஒரே பந்தியில் அமர்வதே ஒருமை.

இந்நாட்டில்

மலாயா மண்ணில் வாழும் தமிழர்க்கு இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்துப் புண்ணியராசனாக ஆண்டது சாவக நாட்டில். இக்கடல்களை அறிந்த தமிழர் வழங்கிய பெயர் அது. ஜாசின் போன்ற சிற்றூர்களின் கடைத்தெருவில் சீனர் கடைகளுக்குள் ஊதுவத்தி மணக்க வீற்றிருக்கும் குவான் யின் தேவியைத் தோட்டத்துத் தமிழர் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வருகின்றனர். மலாக்கா நகரில் 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் கோயிலின் முதன்மைத் தெய்வமும் அவளே. அவள் வேறெவருமல்லர், இந்தியாவில் அவலோகிதர் என வழங்கிய போதிசத்துவரே சீன நாட்டில் பெண்ணுருக் கொண்டு குவான் யின் ஆனார்.

அந்த அவலோகிதருக்குத் தமிழோடு உள்ள தொடர்பைத் தமிழாசிரியர் அறிவர். வீரராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கணம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடமே என்று பாயிரத்திற் கூறுகிறது. சி. வை. தாமோதரம் பிள்ளை 1881இல் அந்நூலைப் பதிப்பித்துக் காத்தார். அகத்தியர்க்குத் தமிழ் கூறியவர் என்று ஒரு தமிழ் இலக்கணம் போற்றும் அருளாளரே அண்டை வீட்டாரின் பூசைமாடத்தில் இருக்கிறார். இச்செய்தியை வகுப்பில் ஒருமுறை சொன்னால் போதும். தமிழ் மாணவனுக்கு அம்மாடம் அயலாக இராது.

கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸில் சிங்களவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய பௌத்த மகா விகாரை தேரவாத மரபினது. 1952இல் இந்நாட்டுக்கு வந்து 2006இல் மறைந்த கே. ஸ்ரீ தம்மானந்த தேரர் அங்கிருந்து அறம் உரைத்தார். மகாயான வழிபாட்டுக் குடும்பங்களிற் பிறந்த சீனர் பெருந்தொகையினராக அவர் உரையைக் கேட்க வந்தனர். அதனால் அவர்கள் வீட்டிலிருந்த குவான் யின் தேவியை நீக்கவேண்டிய நிலை எழவில்லை. நாகப்பட்டினத்தில் பெகு நாட்டுப் பிக்குகள் செய்ததையே இவர்கள் எதிர்த்திசையில் செய்தனர்.

பீடிகை எவருடையது?

மணிபல்லவத்துப் புத்த பீடிகையின் வரலாற்றை 8ஆம் காதை கூறுகிறது. நாக நாட்டு மன்னர் இருவர் அப்பீடிகை தமதே என்று உரிமை கொண்டாடிப் போரிட்டனர். இருவராலும் அதனைப் பெயர்த்தெடுக்க இயலவில்லை. விட்டுச் செல்லவும் மனமில்லை. அப்போது புத்தர் வந்து, போரை நிறுத்தி, அப்பீடிகையில் அமர்ந்து இருவர்க்கும் அறம் உரைத்தார். தேரவாதத்தாரின் மகாவம்சமும் நாகத்தீவைப் பற்றி இக்கதையையே கூறுகிறது. தமிழ்க் காப்பியமும் பாலி வரலாறும் ஒத்துக் கூறும் கதை இது.

மணிமேகலை எந்த யானத்தின் நூல் என்று வாதிடுவோர் அந்நாக மன்னரின் நிலையிலேயே நிற்கின்றனர். ஒரு கட்சியாராலும் காப்பியத்தை முழுதும் தம் பக்கம் பெயர்த்துக்கொள்ள முடியவில்லை. 29ஆம் காதையை எடுத்தால் 21ஆம் காதை இடங்கொடுப்பதில்லை. தமிழாசிரியர் செய்யவேண்டியது எளிது. 'எந்தப் பிரிவு?' என்ற வினாவை விடுத்து, 'எவை எவை ஒருங்கு நின்றன, எவ்வாறு நின்றன?' என்று வினவுக. ஒரு சொல்லில் விடை கிடைக்காது. மாணவர் முப்பது காதைகளையும் புரட்ட நேரும். காப்பியம் கற்பிப்பதன் பயனும் அதுவே.